யார் செய்த பிராஜெக்ட்?



பள்ளிக்கூடத்தில் 'பிராஜெக்ட்' கொடுத்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? நாங்களே சொல்லிப் பார்க்கட்டுமா?

இரவு எட்டு மணிக்குத்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். "அம்மா, நாளைக்கு எரிமலை செஞ்சு கொண்டு போகணும்!" என்பீர்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடுவார். தெர்மாகோல், கலர் பேப்பர், பசை எல்லாம் வந்து சேரும். அம்மா வெட்டுவார். அக்கா ஒட்டுவாள். அப்பா பெயின்ட் அடிப்பார். நீங்களோ பத்து மணிக்கே தூங்கிப் போயிருப்பீர்கள். காலையில் எழுந்து பார்த்தால், மேசை மேல் அழகான எரிமலை! பள்ளியில் முதல் பரிசுகூடக் கிடைத்துவிடும்.

பரிசு யாருக்கு? அப்பாவுக்கா, அக்காவுக்கா, உங்களுக்கா?

எரிமலை செய்வது தப்பில்லை. ஆனால், நம்மில் அநேகமாக யாரும் எரிமலையை நேரில் பார்த்ததில்லை. வாசலில் ஊர்ந்து போகும் எறும்பைத் தினமும் பார்க்கிறோம். அதைப்பற்றி நமக்கு என்ன தெரியும்? சர்க்கரையையும் அரிசி மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது எதற்கு முதலில் வரும்? உங்கள் தெருவில் இருக்கும் வேப்பமரம் போன வருடம் எந்தத் தேதியில் பூத்தது? நேற்றுப் பெய்த மழை எவ்வளவு?

இதற்கெல்லாம் விடை எந்தக் கடையிலும் விற்பதில்லை. கண்ணால் பார்க்க வேண்டும். கையால் அளக்க வேண்டும். தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ஸ்கேல் இருந்தால் போதும்.

இந்த வாரம் இதைப்பற்றித்தான் பேசப் போகிறோம். துணைக்கு ஒரு மலையையும் கூட்டிக்கொள்வோம். சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சேர்வராயன் மலைதான் அது. ஏற்காடு இருப்பது இந்த மலைமேல்தான். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பார்கள். மலைக்குப் போக முடியாதவர்கள் முகம் வாட வேண்டாம். இங்கே சொல்லப்போகும் சோதனைகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாவற்றையும் உங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் வாசலிலும் செய்யலாம்.

கல்லுக்கு முகவரி எழுதியவர்

முதலில் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட். ஆங்கிலேயர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பாறைகளையும் மண்ணையும் ஆராய்வது அவர் வேலை.

1863-ம் ஆண்டு மே 30 அன்று, சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பார்ப்பதற்குச் சாதாரணக் கல். ஆனால், அதன் ஓரங்கள் யாரோ தட்டித் தட்டிச் செதுக்கியதுபோல் இருந்தன. இரும்பு என்பதே தெரியாத காலத்தில் வாழ்ந்த மனிதர்கள் செய்த கைக்கோடரி அது! பழைய கற்காலத்திலேயே நம் நாட்டில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை உலகுக்குக் காட்டியது அந்தக் கல்தான்.

அதன்பிறகும் அவர் ஓயவில்லை. தென்னிந்தியா முழுவதும் சுற்றி, ஆயிரக்கணக்கான கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் சேகரித்தார். சேர்வராயன் மலையிலும் சேகரித்தார். பிற்காலத்தில் ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்கினார். 1904-ல் அவருடைய சேகரிப்பு சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. 1912-ல் அவர் காலமானார். ஏற்காட்டில் உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது.

அவர் கதையை எதற்காகச் சொல்கிறோம்? கல் பொறுக்காத பிள்ளை உண்டா? உங்கள் டிராயரைத் திறந்தால் பத்துக் கூழாங்கல்லாவது இருக்கும். ஆனால், 'இது எங்கே கிடைத்தது?' என்று கேட்டால் விழிப்பீர்கள். ஃபுட் விழிக்க மாட்டார். எந்தக் கருவி எந்த ஊரில் கிடைத்தது என்று குறித்து வைத்தார். அதனால்தான் அவர் சேர்த்தவை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகின்றன. முகவரி இல்லாத கல் வெறும் கல். முகவரி எழுதிய கல் ஒரு சான்று.

நாம் மலையிலிருந்து எதையும் எடுத்து வர வேண்டாம். முகவரியை மட்டும் எடுத்து வருவோம். எப்படி என்கிறீர்களா?

முதலில் நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பிறகு, ஒவ்வொரு முறை எதையாவது கவனிக்கும்போதும் தேதி, நேரம், இடம் மூன்றையும் மேலே எழுதுங்கள். கீழே நடுவில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கத்துக்கு 'பார்த்தேன்' என்று தலைப்பு. வலது பக்கத்துக்கு 'நினைக்கிறேன்' என்று தலைப்பு.

'எறும்பு ஒரு சோற்றுப் பருக்கையை இழுத்துக்கொண்டு போனது' என்பது பார்த்தது. 'அது குட்டிகளுக்குக் கொண்டு போகிறது' என்பது நினைத்தது. இரண்டையும் கலக்கக் கூடாது. பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கே இது சுலபமில்லை. உங்களுக்கு இப்போதே பழகிவிட்டால், பிறகு யாராலும் உங்களை ஏமாற்ற முடியாது!

படமும் வரையுங்கள். கோணல் மாணலாக இருந்தால் பரவாயில்லை. வரையும்போதுதான் இலையின் ஓரம் ரம்பம்போல் இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்று கண் தேடும். எழுதத் தெரியாத குட்டித் தம்பி, தங்கை இருந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

பஸ்ஸிலேயே ஒரு சோதனை

ஏற்காடு போகும் குட்டிகளுக்கு மட்டும் இது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட உயரமில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். முப்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்குள் 1,200 மீட்டர் மேலே போய்விடுகிறீர்கள்.

கிளம்பும்போது ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். (கஷ்டம்தான். முயற்சி செய்யுங்கள்!) ஐந்தாவது வளைவு, பத்தாவது வளைவு, பதினைந்தாவது, இருபதாவது என்று நான்கு இடங்களில் அதை விரலால் அமுக்கிப் பாருங்கள். பாக்கெட் எப்படி மாறுகிறது? காது எந்த வளைவில் அடைத்தது? குளிர் எங்கே தெரிய ஆரம்பித்தது? எழுதுங்கள்.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. பாக்கெட்டுக்குள் இருப்பதோ அடைபட்ட காற்று. வெளியே அமுக்கும் காற்று குறையும்போது உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. உங்கள் காதுக்குள்ளும் அதேதான். குளிரும் அப்படித்தான் கணக்கு வைத்துக் கூடுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு முதல் ஏழு டிகிரி குறையும். அப்படியானால் சேலத்தில் 38 டிகிரி அடிக்கும்போது ஏற்காட்டில் எவ்வளவு இருக்கலாம்? நோட்டில் கணக்குப் போடுங்கள்.

இறங்கும்போது இன்னொன்று. காலி தண்ணீர் பாட்டிலை ஏற்காட்டில் இறுக மூடிக்கொண்டு கீழே வாருங்கள். அடிவாரத்தில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டு வந்து, அடுத்த சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மழையை அளப்போம்

நாளிதழில் 'மழையளவு' என்று ஊர் வாரியாக மில்லிமீட்டரில் போடுகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதை நீங்களும் அளக்கலாம்.

பக்கவாட்டில் நேராக இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பகுதியைப் பெரியவர்களை வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் அதே பாட்டிலில் செருகுங்கள். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்குமே? அங்கே சின்னச் சின்னக் கற்களைப் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் கோடுகளைக் குறியுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி செங்கற்களுக்கு நடுவில் வையுங்கள். மழைமானி தயார்!

தினமும் காலை 8.30 மணிக்கு அளவெடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அந்த நேரத்தில்தான் அளவெடுக்கிறது. பள்ளி வேன் அதற்கு முன்பே வந்துவிடுமா? பாட்டியிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். அளந்ததும் தண்ணீரைப் பூஜ்யக் கோடு வரை கொட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாட்களில் முழுவதும் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

உங்கள் அளவும் நாளிதழில் வந்த அளவும் ஒன்றாக இருக்காது. பயப்படாதீர்கள்! ஒரே ஊரிலேயே ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் பெய்யாது. உங்கள் வீட்டில் எவ்வளவு பெய்தது என்பது உங்கள் பாட்டிலுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் சொந்தக்காரரோ நண்பரோ ஏற்காட்டில் இருந்தால் இன்னும் சிறப்பு. அவர் மேலே அளக்கட்டும், நீங்கள் சேலத்தில் அளங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். ஏறும்போது குளிரும். குளிர்ந்தால் மேகமாகி மழையாக இறங்கும். மலையில் ஏன் மழை அதிகம் என்று புத்தகத்தில் படிப்பது ஒரு வகை. இரண்டு பாட்டில்களில் பார்ப்பது இன்னொரு வகை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மொட்டை மாடி பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் மாடியில் விழுவது 1,000 லிட்டர்! 20 லிட்டர் வாட்டர் கேனில் பிடித்தால் 50 கேன். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது ஏன் என்று இப்போது புரிகிறதா? உங்கள் வீட்டுக் குழாய் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

மூன்று கொட்டாங்குச்சிகள்

ஏற்காட்டில் காபித் தோட்டங்கள் நிறைய. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் அங்கே காபியைக் கொண்டுவந்து பயிரிட்டார். அந்தத் தோட்டங்களில் ஒன்றைக் கவனித்தால் தெரியும். காபிச் செடிகள் தனியாக வெட்டவெளியில் நிற்காது. மேலே சில்வர் ஓக், பலா என்று உயரமான மரங்கள் குடை பிடிக்கும். அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். காபியின் பூர்வீகம் எத்தியோப்பியா நாட்டுக் காடுகள். அங்கே பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த செடி அது. அதனால்தான் இங்கேயும் நிழல் கேட்கிறது.

எல்லாச் செடிக்கும் நிழல் பிடிக்குமா? சோதித்துப் பார்ப்போம். மூன்று கொட்டாங்குச்சிகளில் ஒரே அளவு மண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஊறவைத்த பச்சைப்பயறு ஐந்து. ஒன்றை வெயிலிலும் இன்னொன்றை வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்திலும் மூன்றாவதை மூடிய அட்டைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். மூன்றுக்கும் தினமும் ஒரே அளவு தண்ணீர். ஒரு வாரம் தினமும் ஸ்கேலால் உயரத்தை அளந்து எழுதுங்கள். இலையின் நிறம், தண்டின் பருமன் இரண்டையும் குறியுங்கள்.

தொடங்கும் முன்பே, எது உயரமாக வளரும் என்று வலது பக்கத்தில், 'நினைக்கிறேன்' என்ற இடத்தில் எழுதிவிட வேண்டும். விடையை நாங்கள் சொல்லப் போவதில்லை! நிறையப் பேருக்கு இதில் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஒரு துப்பு மட்டும் தருகிறோம். விதைக்குள் கொஞ்சம் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறது தாய்ச்செடி. வெளிச்சம் கிடைக்காத நாற்று அந்தச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? யோசியுங்கள்.

பாசியும் ஆர்க்கிட்டும்

ஏற்காட்டில் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. 1963-ல் தொடங்கியது. ஆர்க்கிட் பூக்களில் பல வகை மண்ணிலேயே வளராது. மரக்கிளையில் உட்கார்ந்து வளரும். மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை. இடம் மட்டும் கேட்கும் விருந்தாளி! தண்ணீருக்கு என்ன செய்யும்? அதன் வேரைச் சுற்றி வெள்ளையான பஞ்சுபோன்ற உறை இருக்கும். மழையும் பனியும் பட்டால் அது சட்டென்று ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதும் வெள்ளை வேர் பச்சையாகத் தெரியும்.

வீட்டில் ஆர்க்கிட் இல்லையா? மதில் சுவரிலோ கிணற்றடியிலோ கறுத்துக் காய்ந்து கிடக்கும் பாசியைத் தேடுங்கள். செத்துப்போனதுபோல் இருக்கும். அதைச் சுரண்டாமல், மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுச் சில நிமிடங்கள் உட்கார்ந்து பாருங்கள். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. என்ன நடக்கிறது என்று நீங்களே எழுதுங்கள். (கிணற்றடிக்குப் பெரியவர்கள் இல்லாமல் போகக் கூடாது.)

எறும்பு விருந்து

அந்தத் தோட்டத்தில் பூச்சி தின்னும் குடுவைச் செடியும் உண்டு. மேகாலயா மலைகளைச் சேர்ந்தது. இலையின் நுனி ஒரு குடுவைபோல் தொங்கும். விளிம்பில் இனிப்பான தேன். அதைத் தேடி வரும் எறும்பு வழுக்கி உள்ளே விழும். அங்கே இருக்கும் திரவம் அதைச் செரித்துவிடும். சத்தில்லாத மண்ணில் வளரும் செடி, தனக்கு வேண்டிய சத்தை இப்படித் தேடிக்கொள்கிறது.

எறும்புக்கு இனிப்புதான் பிடிக்கும் என்று அந்தச் செடிக்குத் தெரிந்திருக்கிறது! நமக்கு? ஓர் அட்டையில் சர்க்கரை, உப்பு, அரிசி மாவு, தேங்காய்த் துருவல் நான்கையும் ஒரே அளவில் நான்கு மூலையில் வையுங்கள். எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் அட்டையை வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மூலையிலும் எத்தனை எறும்பு என்று எண்ணுங்கள். மறுநாள் சர்க்கரையின் மூலையை மாற்றி வையுங்கள். மூன்று நாள் செய்யுங்கள். ஒரு நாள் நடந்தது தற்செயலாக இருக்கலாம். மூன்று நாளும் அப்படியே நடந்தால் நம்பலாம். பாட்டி ஏன் அரிசி மாவில் கோலம் போடச் சொல்கிறார் என்பதற்கும் ஒரு விடை கிடைக்கும்.

ஒரு மரம், ஒரு வருடம்

கடைசியாகச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் சுலபம். எல்லாவற்றிலும் கஷ்டமும் அதுதான்! வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வேம்பு, புங்கை, முருங்கை, மா எதுவாகவும் இருக்கலாம். வாரம் ஒரு நாள், உதாரணமாக ஞாயிற்றுக்கிழமை, அதன் அடியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். துளிர் இருக்கிறதா? பூ, காய், பழம் இருக்கிறதா? இலை உதிர்கிறதா? யார் யார் வந்திருக்கிறார்கள், அணிலா, குயிலா, தேனீயா? எழுதுங்கள். ஒரு வருடம் விடாமல் எழுத வேண்டும். அதுதான் கஷ்டம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஜப்பானில் கியோட்டோ என்று ஒரு நகரம். அங்கே செர்ரி மரங்கள் பூக்கும் நாளைக் கொண்டாடுவார்கள். அந்த நாளை அரண்மனைக்காரர்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து எழுதியது இன்றைக்கும் இருக்கிறது! அவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். பூவைப் பார்த்துத் தேதி போட்டார்கள், அவ்வளவுதான். 2021-ல் அந்த மரங்கள் மார்ச் 26-ம் தேதியே முழுதாகப் பூத்துவிட்டன. அதுவரை இருந்த 1,200 வருடக் குறிப்புகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. பூமி சூடாகி வருகிறது என்பதற்கு அந்த நாட்குறிப்புகள் இன்று சாட்சி சொல்கின்றன.

ஏற்காட்டுப் பிள்ளைகளே, இது உங்களுக்கு! கோடை மழை பெய்து சுமார் பத்து நாளில் காபித் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பூக்குமே, மல்லிகைபோல் மணக்குமே! அந்த மழை என்றைக்குப் பெய்தது, பூ என்றைக்கு விரிந்தது, என்றைக்கு உதிர்ந்தது என்று எழுதுங்கள். பலா எப்போது பிஞ்சு விட்டது, மிளகு எப்போது பழுத்தது என்று எழுதுங்கள். மலைக் கிராமத்துத் தாத்தா, பாட்டிகளிடம் கேட்டால், எந்த மரம் பூத்தால் எந்த விதை விதைக்க வேண்டும் என்று சொல்வார்கள். அதையும் எழுதுங்கள். சுற்றுலா வருபவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருடம் முழுவதும் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். உங்கள் நோட்டில் இருப்பது வேறு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட முயற்சிகள் நடக்கின்றன. 'சீசன் வாட்ச்' என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்கள் வாராவாரம் மரங்களைக் கவனித்துக் குறிப்பு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே போதும். உங்கள் ஆசிரியரிடம் சொல்லிச் சேர்ந்துகொள்ளலாம்.

பறிக்காமல் பார்ப்போம்

ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மே மாதத்தில் கூட்டம் அலைமோதும். ஒரு பிள்ளை ஒரே ஒரு பூவைப் பறித்தால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். அதையே வருகிற எல்லோரும் நினைத்தால்?

சேர்வராயன் மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் வைத்திருக்கும் ஒரு மரம் உண்டு. வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்பது அதன் பெயர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் சின்னச் செடிகள்தான். இது மரம்! இன்று மிக அரிதாகிவிட்டது. மலையில் அது அழிந்தால், வேறு ஊரில் போய்த் தேடிக்கொள்ள முடியாது. ஆர்க்கிட்டும் அப்படித்தான். காட்டிலிருந்து பிய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் காய்ந்துபோகும். காட்டிலும் இல்லை, வீட்டிலும் இல்லை என்று ஆகிவிடும்.

அதனால் சில விதிகள். பூவையும் செடியையும் பறிக்க வேண்டாம், வரையுங்கள். கீழே விழுந்த இலையைத் தாராளமாக எடுத்துப் பார்க்கலாம், பார்த்துவிட்டு அங்கேயே போடுங்கள். பட்டாம்பூச்சியைப் பிடித்துப் பாட்டிலில் அடைக்க வேண்டாம். வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்குச் சிப்ஸ், பிஸ்கெட் போட வேண்டாம். காட்டில் தானாக உணவு தேடும் பழக்கம் போய், அவை சாலையில் வண்டிகளில் அடிபடுகின்றன. தெரியாத காயையும் பழத்தையும் வாயில் வைக்கக் கூடாது. ரோமம் உள்ள கம்பளிப்புழுவைத் தொடக் கூடாது. ஏரி, அருவி, தோட்டம் எங்கே போனாலும் பெரியவர்களோடு போங்கள். தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டமும் உண்டு. மண்ணைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பெரியவர்களிடம் ஒரு வார்த்தை

அம்மா, அப்பாக்களே! அடுத்த முறை பிராஜெக்ட் வந்தால் கத்தரிக்கோலைப் பிடித்துக் கொடுங்கள், கத்தி வேலையைச் செய்து கொடுங்கள். மற்றதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். கொட்டாங்குச்சியில் பயறு முளைக்காமல் போகலாம். போகட்டும். ஏன் முளைக்கவில்லை என்று பிள்ளை யோசித்தால் அதுவே நல்ல பிராஜெக்ட்தான்.

ஆசிரியர்களே! கண்காட்சியில் பளபளக்கும் தெர்மாகோல் மாதிரிகளுக்கு நடுவே, கறை படிந்த ஒரு நோட்டும் கோணலான ஒரு படமும் வந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். "இதில் நீ பார்த்தது எது?" என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் போடுங்கள். கடையில் வாங்கிய சார்ட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

என்ன குட்டிகளே, தயாரா? எல்லாச் சோதனைகளையும் ஒரே நாளில் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்! ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே நோட்டில் தேதி போட்டுத் தொடங்குங்கள். மூன்று கொட்டாங்குச்சியில் எது ஜெயித்தது, எறும்பு எந்த மூலைக்கு முதலில் போனது என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். படிக்க ஆவலோடு காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்